மாணவியர் பொறியியல் மன்றம்: சேர்த்தலும் நிலைத்தலும்

(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பொறியியல் பயிலும் பெண்களுக்கென ஒரு மாணவர் மன்றம் அமைப்பது எவ்வாறு, அதில் உறுப்பினரைச் சேர்ப்பது எவ்வாறு, சேர்ந்தவரை நிலைக்கச் செய்வது எவ்வாறு என்பது நமக்குத் தரப்பெற்ற பொருள். பள்ளித் தலைமை ஆசிரியர் ஒருவருக்குப் பொறியியல் மன்றத்தில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நாம் பொறியியல் கற்றவரல்லோம். ஆயினும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணைக் கல்லூரி வாயில்வரை கொண்டுபோய் விட்டுவரும் வேலை ஆண்டுதோறும் நம்மிடமே வருகிறது. அவ்வாறு விட்டுவந்த பெண் இரண்டாம் ஆண்டின் நடுவில் புத்தகப் பையோடு வீடு திரும்பிவிட்டாள் என்ற செய்தியும் முதலில் நம் காதிலேயே விழுகிறது. அந்த உரிமையைக் கொண்டே இங்குப் பேசத் துணிந்தோம்.

அண்ணல் அம்பேத்கர் 1942 சூலைத் திங்களில் நாகபுரியில் கூடிய தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில், ஒரு சமுதாயத்தின் முன்னேற்றத்தை அச்சமுதாயப் பெண்கள் அடைந்த முன்னேற்றத்தைக் கொண்டே தாம் அளப்பதாகக் கூறினார். நம் கழக மேடைகளில் இக்கருத்து அடிக்கடி எடுத்துரைக்கப்படுகிறது. அளவுகோல் நம் கையில் இருக்கிறது. அதை வைத்து அளக்கிறோமா என்பதே கேள்வி. எத்தனை பெண்கள் கல்லூரியில் சேர்ந்தனர் என்னும் கணக்கு நம் ஆண்டறிக்கையில் உண்டு. எத்தனை பெண்கள் நான்காம் ஆண்டுத் தேர்வு எழுதினர் என்னும் கணக்கையும் அதன் அருகிலேயே அச்சிடல் வேண்டும்.

நுழைவதற்கான கதவுகள் முன்னைவிட அகலத் திறந்திருக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. அரசுப் பள்ளி மாணவருக்குத் தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கும் சட்டம் 2021-இல் வந்தது. அவ்வாறு சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என அவ்வாண்டே அறிவிக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்ணுக்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பெற்றது. இவற்றையெல்லாம் நம் இளைஞர்கள் வீடுவீடாகச் சென்று சொல்லி வருகின்றனர், மிக நன்று. ஆனால் கட்டணம் செலுத்த அரசு உண்டு. வகுப்பில் பக்கத்தில் வந்து அமர அரசால் இயலாது. அந்த இடத்தை நிரப்புவதற்கே மன்றம் வேண்டும் என்கிறோம்.

இதற்குச் சான்று தேடி வெகுதொலைவு போக வேண்டியதில்லை. கிண்டிப் பொறியியல் கல்லூரிக்கு 1940-ஆம் ஆண்டில் ஒரு பெண் வந்து சேர்ந்தார். லலிதா என்பது அவர் பெயர். பதினைந்து வயதில் மணம். பதினெட்டு வயதில் கணவரை இழந்தார். கையில் ஒரு பெண் குழந்தை. அக்காலத்தில் கைம்பெண்ணின் வாழ்வு எவ்வாறு இருந்தது என்பதை இங்குள்ள மூத்தோர் அறிவர். அவர் தந்தை பப்பு சுப்பாராவ் அக்கல்லூரியிலேயே மின்பொறியியல் பேராசிரியர். அவர் கல்லூரி முதல்வர் சாக்கோ அவர்களிடம் பேசி, மகளுக்கு மின்பொறியியலில் இடம் பெற்றார். நூற்றுக்கணக்கான ஆடவர் பயின்ற கல்லூரியில் ஒரே ஒரு பெண்! தங்குவதற்குத் தனி இடமும் கொடுத்தார்கள். உடன்பயின்றவர்கள் மரியாதையோடுதான் நடந்துகொண்டார்கள் என்று அவர் பிற்காலத்தில் தம் மகளிடம் கூறியிருக்கிறார். எந்தத் தொல்லையும் இல்லை, படிப்பும் பிடித்திருந்தது. ஆனால் விடுதியில் தனிமை அவரை வாட்டியது.

இந்த இடத்தை இளைஞர்கள் கருத்தூன்றிக் கேட்க வேண்டுகிறோம். அத்தந்தை என்ன செய்தார்? "தனிமையைப் பொறுத்துக்கொள் அம்மா, படிப்பே துணை" என்று மகளுக்கு அறிவுரை கூறிவிட்டு அமையவில்லை. மற்றப் பெண்களும் சேரலாம் என நாளிதழில் விளம்பரம் செய்யுமாறு கல்லூரியை இசையச் செய்தார். அவ்விளம்பரம் கண்டு லீலம்மா ஜார்ஜ், தெரேசியா என்னும் இருவர் கட்டடப் பொறியியலில் வந்து சேர்ந்தனர். போர்க்காலத்தில் படிப்பின் காலம் சற்றுக் குறுக்கப்பட்டமையால் மூவரும் ஏறக்குறைய ஒன்றாகவே பட்டம் பெற்றனர். பட்டச் சான்றிதழில் 'அவன்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே அச்சிடப்பட்டிருந்தது. அதை மையால் அடித்து 'அவள்' என்று எழுதிக் கொடுத்தார்கள். தெரேசியா அவர்கள் 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் பதவிவரை உயர்ந்தார்.

ஒருத்தியை நிலைக்கச் செய்வதற்காக இருவரைச் சேர்த்தார்கள். சேர்த்தலும் நிலைத்தலும் இரண்டு வேலைகள் அல்ல என்பது இதனால் விளங்கும். மற்றொன்றும் விளங்கும். அப்பெண்ணுக்குத் தந்தை பேராசிரியர். முதல்வரின் அறைக்குள் சென்று பேசத்தக்கவர். நம் பெண்ணின் தந்தை செங்கற்சூளையில் இருக்கிறார். அல்லது திருப்பூரில் இருக்கிறார். முதல்வர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றுவதா, போட்டுக்கொண்டே செல்வதா என்று தயங்குபவர் அவர். ஆகவே அந்தத் தந்தையின் வேலையை நம் கழகம் செய்ய வேண்டும். கழகத்தின் பெயரால் மன்றம் செய்ய வேண்டும்.

லலிதா அவர்கள் பின்னர்க் கல்கத்தாவில் ஒரு மின்பொறி நிறுவனத்தில் பணியாற்றியபோதும் பெண் பொறியாளர் என்ற முறையில் தனியராகவே இருந்தார். அப்போது அவருக்குத் துணையாக வந்தவை சங்கங்களே. 1964 சூன் திங்களில் நியூயார்க்கில் கூடிய பெண் பொறியாளர், அறிவியலாளர் முதல் பன்னாட்டு மாநாட்டிற்குச் சென்றுவந்தார். இலண்டனிலுள்ள பெண்கள் பொறியியல் சங்கத்தின் முழு உறுப்பினராக 1965-இல் ஆனார். அந்த இலண்டன் சங்கத்தின் பிறப்பும் அறியத்தக்கது. முதல் உலகப் போரில் ஆடவர் போர்முனைக்குச் சென்றபோது ஆலைகளில் கடைசல் இயந்திரங்களை இயக்கியவர் பெண்கள். போர் முடிந்ததும், பழைய நிலையே திரும்ப வேண்டும் என 1919-இல் ஒரு சட்டம் இயற்றி அவர்களை வெளியேற்றினார்கள். அவ்வாண்டு சூன் 23 அன்று எழுவர் கூடிச் சங்கம் கண்டனர். அதன் முதற்செயலாளரான கரோலின் ஹேஸ்லெட் பட்டம் பெற்ற பொறியாளர் அல்லர். கொதிகலன் நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்து, பின் அங்கேயே பொறிவேலை பயின்றவர். உறுப்பினர்கள் ஊர்தோறும் சிதறியிருந்ததனால் அவ்வாண்டின் இறுதியிலேயே ஓர் இதழைத் தொடங்கிவிட்டார்கள்.

அமெரிக்க நாட்டுச் சங்கத்திற்கு வித்திட்டோருள் கல்லூரி மாணவியர் உண்டு. பிலடெல்பியாவின் டிரெக்செல் கல்லூரி போன்ற இடங்களில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் தனித்தனியே சிறு குழுக்கள் தோன்றின. 1950 மே 27 அன்று நியூஜெர்சியில் ஒரு முகாமில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் கூடி, பியாட்ரிஸ் ஹிக்ஸ் என்பாரைத் தலைவராகத் தெரிந்து, நாடு தழுவிய சங்கமாக அதை ஆக்கினர். சிறு குழுக்கள் எத்தனை மாய்ந்தன என்பதை வரலாறு எழுதி வைப்பதில்லை. மாயாதவை சேர்ந்து சங்கமாயின.

இனி நம் மன்றத்திற்கு வருவோம்.

நம் பகுதிப் பெண்கள் பயிலும் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் இத்தகைய மன்றங்கள் பெயரளவில் உள்ளன. தொடக்க விழா சிறப்பாக நடைபெறும். மேடையில் ஆடவர் பதின்மர் அமர்ந்திருப்பர். ஒவ்வொருவரும் பெண்கல்வியின் பெருமையைப் பேசுவர். (நாமும் அப்படிப்பட்ட மேடைகளில் அமர்ந்திருப்பவரே, பேச்சைச் சுருக்கிக்கொள்வோம் என்பது ஒன்றே நம் தகுதி.) குத்துவிளக்கு, பொன்னாடை, தேநீர், படம். அடுத்த கூட்டத்திற்குப் பாதிப் பேர். மூன்றாம் கூட்டத்திற்குச் செயலாளரும் அவர் தோழியும். பின் அடுத்த ஆண்டு மீண்டும் தொடக்க விழா.

இது ஏன் நிகழ்கிறது என்று பெண்களிடமே கேட்டோம். முதலில் எவரும் சொல்லவில்லை. பின் ஒரு பெண் சொன்னாள்: "ஐயா, முதல் கூட்டத்தில் ஒவ்வொருவரும் எழுந்து பெயரும், பள்ளியும், கட்-ஆஃப் மதிப்பெண்ணும் சொல்லச் சொன்னார்கள். நான் அடுத்த கூட்டத்திற்குப் போகவில்லை." கேள்வி மதிப்பெண்ணைப் பற்றியது போலத் தோன்றும். ஆனால் அதற்கு வரும் விடையிலிருந்து எந்த ஒதுக்கீட்டில் வந்தவள் என்பதையும், அதிலிருந்து எந்தத் தெருவிலிருந்து வந்தவள் என்பதையும் ஓர் அறை முழுதும் கணக்கிட்டுக்கொள்கிறது. 'உன் சாதி என்ன' என்று கேட்க நாணுபவர்கள் 'உன் கட்-ஆஃப் என்ன' என்று கேட்கிறார்கள். கேட்பவருள் சிலர் இதை அறியாமலே கேட்கிறார்கள் என்பதும் உண்மை. ஒதுக்கீடு நம் உரிமை. அதில் நாணுவதற்கு எள்ளளவும் இல்லை. ஆயினும் பதினேழு வயதுப் பெண்ணை முதல் நாளிலேயே அறை நடுவில் நிறுத்தி அந்த உரிமைக்காக வாதாடச் சொல்வது முறையாகாது.

நம் மன்றத்தில் வேறொரு கேள்வி கேட்கச் சொல்லியிருக்கிறோம். "எந்தப் பொருளைப் பிரித்துப் பார்த்திருக்கிறாய்? எந்த வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாய்?" என்பதே அது. அப்போது பாருங்கள்! மிக்சியைப் பிரித்தவள் ஒருத்தி. சைக்கிள் செயினை மாட்டியவள் ஒருத்தி. தாய் சித்தாள் வேலைக்குச் செல்லும் பெண், ஒன்றுக்கு இரண்டு, நான்கு என்ற கலவைக் கணக்கைப் பாடப்புத்தகம் பார்க்காமலே சொல்கிறாள். கொத்தனாரான மாமனிடம் ரசமட்டமும் தூக்குக்குண்டும் பிடித்துப் பழகியவள் இருக்கிறாள். பாட்டனார் நீர்க்கட்டியாக இருந்தவர் என்று சொல்லும் பெண்ணும் இருக்கிறாள். ஏரியின் மடை திறந்து, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று பங்கிட்டு, கலங்கல் வழியும் நாளில் கரை மீது இரவெல்லாம் நின்று காத்தவர்கள் நீர்க்கட்டிகள். அவர்களுள் மிகப் பலர் நம் மக்கள். அவர்கள் செய்தது நீர்ப்பொறியியல் அன்றி வேறென்ன? அதற்குப் பட்டமும் இல்லை. பங்குக்கு மேல் ஒரு மரக்கால் நெல்லும் இல்லை. நம் பெண்கள் இத்துறைக்கு விருந்தாளிகளாக வரவில்லை என்பதை முதல் நாளிலேயே அவர்கள் உணரும்படிச் செய்ய வேண்டும்.

அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினித் துறையில் 1995-இல் புதிதாகச் சேர்ந்தோருள் பெண்கள் 7 விழுக்காடே. 2000-இல் அது 42 விழுக்காடாயிற்று. அவர்கள் செய்தவற்றுள் ஒன்று, கணினியில் முன்பழக்கம் இருத்தல் வேண்டும் என்னும் எதிர்பார்ப்பைத் தளர்த்தியது. வீட்டில் கணினி வைத்திருந்த பையன்களே முன்பழக்கம் உடையோர். முன்பழக்கமும் அறிவும் ஒன்றல்ல. நம் மன்ற அறிவிப்பிலும் 'ஆர்வமும் திறமையும் உடையோர் சேரலாம்' என்று எழுதக்கூடாது. திறமை உண்டு என்று நம் பெண் தன்னைப் பற்றி ஒருபோதும் எண்ணமாட்டாள்; அறிவிப்பைப் படித்துவிட்டு அப்பால் போய்விடுவாள். 'சால்டரிங் செய்யக் கற்றுத் தரப்படும். ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. பகலுணவு இடைவேளையில்' என்று எழுதினால் வருவாள். இன்னும் நன்று, அறிவிப்பு ஒட்டாமல் ஒரு மூத்த மாணவி வகுப்பறை வாயிலில் நின்று, பெயர் சொல்லி அழைத்துப் போவது.

பகலுணவு இடைவேளை என்று கூறினோம். அதற்குக் காரணம் உண்டு. கல்லூரிப் பேருந்து மாலை நாலரைக்குப் புறப்படுகிறது. அதை விட்டால் நகரப் பேருந்து நிலையம், அங்கிருந்து கடைசிச் சிற்றுந்து, பின் காலனி வரை இருட்டில் நடை. மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, 'கிராமத்துப் பெண்களுக்கு ஆர்வம் இல்லை' என்று அறிக்கை எழுதுவோரை நாம் கண்டிருக்கிறோம். ஆர்வம் இருக்கிறது ஐயா, பேருந்து இல்லை. ஆகவே கல்லூரி நாளில் இடைவேளையில் அரை மணி நேரம். ஞாயிறு முற்பகலில் நம் கழகக் கட்டடத்தில் மூன்று மணி நேரம். இவையே தக்க காலம்.

பெற்றோரிடம் இசைவு பெறுதல் அடுத்த படி. வேலைக்குச் சென்றவர்கள் வீடு திரும்பும் ஏழு மணிக்குமேல் செல்ல வேண்டும். பகலில் சென்று பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வருதல் வீண். இரண்டு மூத்த மாணவியர் சேர்ந்து செல்லுதல் நன்று. தந்தையிடம் மட்டும் பேசித் திரும்பாமல் தாயிடமும் பேசுதல் வேண்டும். தாய்மார்கள் பொறியியலைப் பற்றிக் கேட்பதே இல்லை. "கூட யார் வருவார்கள்? எத்தனை மணிக்கு வீட்டில் விடுவீர்கள்?" என்று இரண்டே கேள்விகள் கேட்பார்கள். இவற்றிற்கு நேரான விடை உண்டென்றால் இசைவு தருவார்கள். சொன்ன மணிக்குப் பெண்ணை வீட்டில் விட வேண்டும். ஒருமுறை தவறினால் அத்தெருவில் நான்கு வீடுகளின் கதவு மூடிவிடும்.

கூட்டத்தில் நடப்பது என்ன என்பதைப் பொறுத்தே அடுத்த கூட்டம் அமையும். சொற்பொழிவு வேண்டாம். கைவேலை வேண்டும். கல்லூரிப் பட்டறையிலும் ஆய்வகத்திலும் ஐவர் குழுவில் ஒரு பெண் இருந்தால், அரமும் ரம்பமும் பையன்கள் கைக்குப் போகின்றன. பதிவேடு பெண் கைக்கு வருகிறது. 'உன் கையெழுத்து அழகாக இருக்கிறது' என்று புகழ்ந்தே அவளை எழுத வைத்துவிடுகிறார்கள். நான்கு ஆண்டுகள் அழகாக எழுதிவிட்டுக் கருவியைத் தொடாமலே வெளியேறும் பெண்ணை வேலைத்தளத்தில் எவர் மதிப்பர்? எனவே நம் மன்றத்தில் ஒரு விதி: எக்கருவியை எவள் இதுவரை தொட்டதில்லையோ, அவள் கைக்கே அக்கருவி முதலில் செல்ல வேண்டும். சூட்டுக்கோலை ஈயத்தின் மீது வைக்கக்கூடாது, இணைய வேண்டிய கம்பியின் மீது வைத்து அது சூடேறிய பின்னரே ஈயத்தைத் தொட வேண்டும் என்பதை ஒரு முறை தானே செய்து கெடுத்தவள் பின் மறக்கமாட்டாள். பாலிடெக்னிக்கில் பட்டயம் முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்த பெண்களைச் சில கல்லூரிகளில் சற்றுத் தாழ்வாக நோக்குகின்றனர். கைவேலையில் அவர்களே கைதேர்ந்தவர்கள். மன்றத்தில் பட்டறைத் தலைமை அவர்களிடம் இருக்கட்டும்.

சென்ற மழைக்காலத்திற்குப் பின் நம் ஏரி மடையில் நீர் விட்டபோது பெண்கள் செய்த ஒரு வேலையை இங்குக் கூறலாம். வாய்க்காலில் நேரான பகுதியில் பத்து மீட்டர் தூரம் அளந்து இரண்டு கயிறுகள் கட்டினர். பாதி நீர் நிரப்பிய பிளாஸ்டிக் புட்டியை மிதக்கவிட்டு, ஒரு கயிற்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் நொடிகளை எண்ணினர். மேற்பரப்பின் வேகம் அடிநீரின் வேகத்தைவிட மிகுதி. ஆதலின் கண்ட வேகத்தை 0.85-ஆல் பெருக்கி, வாய்க்காலின் அகலத்தாலும் ஆழத்தாலும் பெருக்கினால் நொடிக்கு எத்தனை கன மீட்டர் என்பது கிடைக்கும். செலவு ஒரு கயிறும் ஒரு புட்டியும். கரையில் நின்ற முதியவர் ஒருவர், பழைய நீர்க்கட்டி, முதலில் நகைத்தார்; பின் தாமே வாய்க்காலில் இறங்கி, வண்டல் எங்கே மிகுதி, ஆழம் எங்கே பொய் சொல்லும் என்று காட்டினார். அடுத்த ஞாயிறு அழையாமலே நான்கு புதிய பெண்கள் வந்தனர். நாம் அடித்த துண்டறிக்கைகள் அத்தனையும் சேர்ந்து அந்த நால்வரைக் கொணர்ந்திருக்குமா என்பது ஐயமே.

சேர்ந்தவர் விலகுவது எப்போது? நாம் பார்த்தவரையில் ஒரு நாளைக் குறிப்பிட்டே சொல்லிவிடலாம். முதற் பருவத் தேர்வு முடிவு வெளியாகும் நாள் அது. பள்ளியில் முதன்மையாக நின்ற பெண், கணிதத்திலோ பொறியியல் வரைகலையிலோ 'அரியர்' என்ற சொல்லை வாழ்வில் முதன்முறையாகத் தன் பெயருக்கு நேரே காண்கிறாள். தமிழ் வழியில் பயின்றவளுக்கு ஆங்கிலப் பாடம் ஒரு பருவத்தில் பிடிபடாது என்பதை அவளுக்குச் சொல்வார் இல்லை. 'நான் இதற்கு உரியவள் அல்லள்' என்ற முடிவுக்கு அன்றிரவே வந்துவிடுகிறாள். வீட்டில் மணப்பேச்சும் அந்த வாரத்திலேயே தொடங்குகிறது. முன்பு மன்றத்திற்கு வந்தவள் நாணத்தால் வருவதில்லை. கூட்டத்தில் எவரும் காரணம் கேட்பதில்லை.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் பேராசிரியர் நிலாஞ்சனா தாஸ்குப்தாவும் உடன் ஆய்ந்த தாரா டென்னஹியும் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பொறியியலில் புதிதாகச் சேர்ந்த 150 பெண்களுள் சிலருக்கு மூத்த மாணவி ஒருத்தியையும், சிலருக்கு மூத்த மாணவன் ஒருவனையும் முதலாண்டில் துணையாக அமைத்தனர். சிலருக்கு எவரையும் அமைக்கவில்லை. ஆண்டின் இறுதியில், மூத்த மாணவியின் துணை பெற்றவருள் ஒருவர்கூடப் பொறியியலை விட்டு நீங்கவில்லை. துணையற்றவருள் நூற்றுக்கு 11 பேர் நீங்கினர். கூர்ந்து நோக்கத்தக்கது யாதெனின், தங்கியோர் தங்கியதற்கு மதிப்பெண் காரணம் அன்று. 'இது என் இடம்' என்ற எண்ணமும் தன்னம்பிக்கையுமே காரணம். அதே பேராசிரியர் 2015-இல் வெளியிட்ட வேறோர் ஆய்வில், நால்வர் குழுவில் பெண்கள் மூவராக இருக்கும்போது முதலாண்டுப் பெண்கள் வாய் திறந்து பேசினர். ஒருத்தி மட்டும் இருந்தபோது அடங்கியிருந்தனர். எட்டுப் பெண்களை எட்டுக் குழுக்களில் ஒவ்வொருத்தியாகப் பகிர்ந்து வைப்பதை நீதி என்று கருதும் ஆசிரியர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

ஆகவே நம் மன்றத்தில் புதிதாகச் சேரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் அக்காள் பெயர் சொல்லி அமைக்கப்பட வேண்டும். அக்காளாக அமைப்பதற்கு முதல் மதிப்பெண் பெற்றவளைத் தேட வேண்டாம். அரியர் வைத்து, எழுதி, தேறியவளே மிகத் தக்கவள். முதல் மதிப்பெண்காரி, 'தினமும் படித்தால் போதும்' என்பாள். மற்றவள், எந்த ஆசிரியரிடம் எந்நேரத்தில் சென்று ஐயம் கேட்கலாம், எந்த அலகை முதலில் முடிக்கலாம் என்று சொல்வாள். தேர்வு முடிவு வரும் நாளில் அக்காள் தொலைபேசியில் பேசுவதோடு நில்லாமல் வீட்டிற்குச் செல்ல வேண்டும். அன்று மாலை அவள் அங்கே இருந்தாள் என்பதே பாதி மருந்து.

பதிவேட்டின் மீது தலைமை ஆசிரியர்களுக்கு உள்ள பற்றை நீங்கள் அறிவீர்கள். மன்றத்திற்கும் ஒரு பதிவேடு கொடுத்திருக்கிறோம். வந்தவர் பெயருக்கு நேரே நீல மை. வராதவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில், யார் சென்று பார்த்தார், எந்நாள் பார்த்தார் என்று எழுத வேண்டும். இரண்டு கூட்டங்கள் தொடர்ந்து சிவப்புக் கட்டம் வெறுமையாக இருந்தால் செயலாளர் விடை கூற வேண்டும். இதில் தண்டனை ஒன்றும் இல்லை. தேடுவார் உண்டு என்பது தெரிய வேண்டும், அவ்வளவே.

பொறுப்புகளைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலம் நன்றாகப் பேசும் பெண்ணே ஆண்டாண்டாகச் செயலாளராக வருவதைக் காண்கிறோம். அவள் நான்காம் ஆண்டில் வேலைத் தேர்வுகளுக்குச் செல்லும்போது மன்றமும் உறங்கிவிடுகிறது. மூன்றாம் ஆண்டுப் பெண் செயலாளர், இரண்டாம் ஆண்டுப் பெண் துணைச் செயலாளர், நான்காம் ஆண்டினர் அக்காள்மார் என்று வைத்துக்கொண்டால் மன்றத்தின் மூச்சு அறாது. கணக்குப் புத்தகத்தை முதலாண்டுப் பெண்ணிடம் கொடுங்கள். பணம் கையில் இருப்பவள் கூட்டத்திற்குத் தவறமாட்டாள். சந்தா திங்களுக்குப் பத்து ரூபாய் போதும். சில மன்றங்களில் சேரும்போதே மன்றப் பெயர் அச்சிட்ட சட்டைக்கு நானூறு, ஐந்நூறு என்று வாங்குகிறார்கள். அச்சட்டை வாங்க இயலாதவள், 'எனக்கு விருப்பமில்லை' என்று சொல்லிவிட்டு வெளியேறுவாள். காசில்லை என்று சொல்லமாட்டாள்.

மன்றத்தில் எம்மொழியில் பேசுவது என்று கேட்கிறார்கள். தமிழில் பேசுங்கள். கேள்வி எழும் மொழியில் கேள்வி கேட்டால்தான் பொருள் விளங்கும். இறுதிப் பதினைந்து நிமிடம், அன்று செய்த வேலையை ஒருத்தி ஆங்கிலத்தில் எடுத்துரைக்கட்டும். தவறினால் எவரும் நகைக்கலாகாது.

நம் பெண்கள் கல்லூரியிலுள்ள பொது மாணவியர் மன்றத்தில் சேர்வதா, நமக்கெனத் தனி மன்றம் காண்பதா என்று கல்விக்குழுவில் நீண்ட விவாதம் நடைபெற்றது. இரண்டும் வேண்டும் என்பது நம் கருத்து. கல்லூரி மன்றத்தில் பிற சமூகத்துப் பெண்களும் உள்ளனர். பட்டறையில் பதிவேடு எழுத வைக்கப்படுபவர்கள் அவர்களுந்தாம். அங்கே நம் பெண்கள் விலகி நின்றால் இழப்பு இருபுறமும். ஆனால் அங்கே காதில் விழும் சில சொற்களை இறக்கி வைப்பதற்கு, விளக்கம் சொல்லத் தேவையற்ற ஓர் அறை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நம் கட்டடத்து மாடி அறை அதற்காகவே. அங்கு வலிமை பெற்றவள் திங்கட்கிழமை கல்லூரி மன்றத்தில் எழுந்து நின்று கட்-ஆஃப் கேள்வியை மாற்றுமாறு கேட்கட்டும். நம் பெண் ஒருத்தி சென்ற ஆண்டு கேட்டாள், மாற்றினார்கள்.

இளைஞர் அணியினருக்கு ஒரு வேண்டுகோள். மன்றத்தின் கூட்டங்களில் நீங்கள் அமர வேண்டியதில்லை. மினி டிராஃப்டர், கணிப்பான், பட்டறைச் சட்டை, முதலாண்டுப் பாடநூல்கள் ஆகியவற்றைப் படிப்பு முடித்தவர்களிடமிருந்து திரட்டித் தருவது உங்கள் வேலை. முதல் வாரத்தில் டிராஃப்டர் இல்லாமல் வரைகலை வகுப்பில் கைகட்டி அமர்ந்திருப்பவள் அந்த வாரத்திலேயே பின்தங்கத் தொடங்குகிறாள். சிலவற்றைத் திரட்டியிருக்கிறீர்கள், இரண்டில் திருகு தேய்ந்து அளவுகோல் நழுவுகிறது. அவற்றைப் பெண்களே சரிசெய்யட்டும். புதுத் திருகு மட்டும் வாங்கித் தாருங்கள்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு மாடி அறையில் கூட்டம். இவ்வாண்டு கலந்தாய்வில் இடம் பெற்ற பெண்கள் தம் தாயாரையும் அழைத்து வரலாம். அலமாரிச் சாவி நூலகரிடம் உள்ளது. திரும்புகையில் கீழ்த்தெருவிற்கும் புதுக்காலனிக்கும் உடன் செல்வோர் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் எழுதப்பட்டுள்ளன. ஒரு மணிக்குப் புறப்படுவர்.